மூன்று நண்பர்களும் ஒரு 'கூடாது'வும்

சனிக்கிழமை, வருகைக்கு முந்தைய நாள்

நாளைக் காலை ஊரிலிருந்து மூன்று நண்பர்கள் வருகிறார்கள். 27 ஆண்டுகளுக்கு முன்பு கல்லூரி விடுதியில் நாங்கள் நால்வரும் ஒரே அறையில் இருந்தோம். பெயரை எழுதினால் ஊரில் கேலி செய்வார்கள் என்று மூவருமே தடை விதித்திருப்பதால், தொழிலை வைத்தே அவர்களைக் குறிப்பிடுகிறேன்: கணக்கு வாத்தியார், அச்சகக்காரர், வங்கிக்காரர். என் மனைவியும் மகளும் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள். ஆகவே, அவர்கள் அங்கே, இவர்கள் இங்கே என்று ஒரு பண்டமாற்றே நடந்திருக்கிறது என்று சொல்லலாம்.

சுவிட்சர்லாந்தின் தலைநகரான பெர்னில் நான் குடியேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. "வாங்கடா, வாங்கடா" என்று தொலைபேசியில் அழைப்பது எளிதாக இருந்தது. வரவழைப்பதுதான் எளிதாக இல்லை. ஷெங்கன் விசாவுக்கு அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு என்று காகிதங்கள் சேர்ந்துகொண்டே போயின. கணக்கு வாத்தியாரின் விண்ணப்பத்துக்கு மட்டும், அவருடைய செலவுக்கு வழியில்லாமல் போனால் 30,000 பிராங்க் வரை நானே பொறுப்பேற்பதாக ஓர் உறுதிமொழிப் படிவத்தையும் கேட்டார்கள். இறுதியாண்டில் தேர்வுக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நான் விழித்தபோது, தன் கைக்கடிகாரத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர் அவர். அவருக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டபோது எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

என் வீடு மூன்றாம் மாடியில் இருக்கும் மூன்றரை அறை வீடு. இந்நாட்டில் சமையலறையையும் குளியலறையையும் கணக்கில் சேர்ப்பதில்லை. சாப்பாட்டு மேசை போடும் இடம் சற்றுப் பெரிதாக இருந்தால் அதை அரை அறை என்பார்கள். குளியலறை ஒன்றே ஒன்று. நிலவறையில் எட்டுக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கிறது. அதில் என் முறை வியாழக்கிழமை. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறக்கமாட்டா என்பதால் இன்று மாலைக்குள் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டேன். வீட்டைத் துடைத்துக்கொண்டே, அவர்களிடம் சொல்லவேண்டிய விதிகளையும் மனத்துக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

முதல் நாள், ஞாயிறு

சூரிச் விமான நிலையத்தின் கதவு திறந்ததும் முதலில் வந்தது அச்சகக்காரரின் குரல்தான், ஆள் பிறகு வந்தார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். சுழலும் எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல். எதிரே நின்ற பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். நான் மகிழ்ந்தேன் என்பதும் உண்மை, இறங்கியவுடன் சட்டையைச் சரிசெய்துகொண்டு சுற்றிலும் பார்த்தேன் என்பதும் உண்மை.

விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பெர்னுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். ரயில் பெட்டியில் எல்லோரும் புத்தகத்திலோ கைபேசியிலோ ஜன்னலிலோ ஆழ்ந்திருக்க, எங்கள் நான்கு இருக்கைகள் மட்டும் திருமண வீட்டுப் பின்கட்டைப்போல் கலகலத்தன. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கடா" என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது கணக்கு வாத்தியார் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நாள்குறிப்பை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். பயணக் குறிப்பு எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெர்னில் இறங்கியதும் வங்கிக்காரர் தண்ணீர் பாட்டிலின் விலையைப் பார்த்து நூறால் பெருக்கினார். பிராங்கின் மதிப்பு நூறு ரூபாயைத் தாண்டிச் சில காலம் ஆகிறது என்றாலும், மனக்கணக்குக்கு நூறு வசதியாக இருக்கிறது. பாட்டிலை வைத்துவிட்டு வெளியே வரச் சொல்லி, தெருவோரத்துக் கல் நீரூற்றில் கையேந்திக் குடித்துக் காட்டினேன். பழைய நகரத்தில் மட்டும் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட நீரூற்றுகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குடிக்கத் தகாத நீர் என்றால் மட்டுமே அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள். அவர்கள் முதன்முதலாக உண்மையாகவே வியந்தது இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான். இரவு எட்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்க, ஊர்க் கணக்கில் பதினொன்றரை ஆகிவிட்ட மூவரும் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கிப்போனார்கள்.

இரண்டாம் நாள், திங்கள்

இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டினேன். ஆரே நதி மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவே நாக்குப்போல் நீண்டு கிடக்கும் மேட்டில் 1191ஆம் ஆண்டு இந்நகரம் நிறுவப்பட்டது. மர வீடுகளால் ஆன அந்த ஊரின் பெரும்பகுதி 1405இல் தீக்கிரையானது. அதற்குப் பிறகுதான் பச்சைச் சாயல் கொண்ட மணற்கல்லால் ஊரைத் திரும்பக் கட்டினார்கள். தெருவின் இருபுறமும் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரையிட்ட நடைபாதைகள் தொடர்கின்றன. மழையில் நனையாமல் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மழையே இல்லை.

மணிக்கூண்டின் கீழே பெருங்கூட்டம் கழுத்தை நிமிர்த்தி நின்றது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தின் மேற்கு வாயிலாகக் கட்டப்பட்ட அந்தக் கோபுரத்தில், மணியடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே பொம்மைகள் இயங்கத் தொடங்கும். சேவல் கூவும், கரடிகள் வரிசையாகச் சுற்றிவரும், கோமாளி பொறுமையிழந்து நேரத்துக்கு முன்பே மணியை ஆட்டிவிடுவான். எல்லாம் முடிந்ததும் அச்சகக்காரர், "அவ்வளவுதானா?" என்று கேட்டார். பதினோரு ஆண்டுகளாக நானும் இதே கேள்வியைக் கேட்க நினைத்து, நாகரிகம் கருதி அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஐன்ஸ்டைன் வாழ்ந்த வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கிராம்காசே தெருவில் 49ஆம் எண் வீட்டின் இரண்டாம் மாடியில் 1903 முதல் 1905 வரை அவர் மனைவியோடு வாடகைக்கு இருந்தார். மூத்த மகன் 1904இல் பெர்னில்தான் பிறந்தான். காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப நிபுணர் வேலை, ஆண்டுச் சம்பளம் 3,500 பிராங்க். அந்த வேலைக்குப் போய்வந்துகொண்டே 1905இல் சிறப்புச் சார்பியல் கொள்கை உள்ளிட்ட கட்டுரைகளை எழுதி முடித்தார். குறுகலான சுழற்படியில் ஏறும்போது வாத்தியார், "நீ எத்தனை முறை வந்திருப்பாய்?" என்று கேட்டார். வாசலைத் தாண்டி ஒருமுறைகூட ஏறியதில்லை என்று சொல்ல நேர்ந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, வேறொரு நாள் பார்க்கலாம் என்று பதினோரு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. பழைய மேசை நாற்காலிகள், சுவர்த்தாள், தெருவைப் பார்க்கும் ஜன்னல்கள். எங்கள் விடுதி அறையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. ஆனால், இருபது ஆண்டுகளுக்கு மேல் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவரும் மனிதர், அந்த ஜன்னலருகே போய் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பத்து நிமிடம் யாரோடும் பேசவில்லை. வங்கிக்காரரோ 3,500 பிராங்குக்கு அன்றைக்கு என்ன வாங்கியிருக்கலாம் என்று காவலரிடம் சைகையால் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், செவ்வாய்

எனக்கு அலுவலகம். டிராம் வரைபடத்தையும் வீட்டுச் சாவியையும் ஒரு பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போனேன். பட்டியலில் இருந்த எதையும் அவர்கள் பார்க்கவில்லை.

அதற்குப் பதிலாக, நாடாளுமன்றத்துக்கு முன்னால் செவ்வாய்தோறும் கூடும் சந்தைக்குப் போய் இரண்டு கிலோ செர்ரிப் பழம் வாங்கி, அந்தச் சதுக்கத்தில் 26 மாநிலங்களைக் குறிக்கும்படி தரையிலிருந்து பீறிடும் 26 நீர்த்தாரைகளுக்கு நடுவே குழந்தைகள் நனைவதைப் பார்த்தபடி எல்லாவற்றையும் தின்று தீர்த்திருக்கிறார்கள். பிறகு பக்கத்துப் பூங்காவில் ஒரு சிற்பத்தைக் கண்டிருக்கிறார்கள்: பூகோள உருண்டையைச் சுற்றிப் பறக்கும் ஐந்து பெண்கள் கைக்குக் கை கடிதம் கைமாற்றுகிறார்கள். உலகத் தபால் ஒன்றியத்தின் நினைவுச் சின்னம் அது. 1874 அக்டோபர் 9 அன்று இதே பெர்னில் 22 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையால்தான், ஒரு நாட்டில் தபால்தலையை ஒட்டிப் போட்ட கடிதம் இன்னொரு நாட்டில் மறுகட்டணம் இல்லாமல் வீடு சேரும் வழக்கம் பிறந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தியா 1876இல் இதில் சேர்ந்தது.

நான் நாள்தோறும் குறுக்கே கடந்துபோகும் பூங்கா அது. சிற்பத்தைப் பார்த்திருக்கிறேன், என்னவென்று படித்துப் பார்த்ததில்லை. மாலையில் அச்சகக்காரர் இதையெல்லாம் விவரித்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்: "உலகத்துக்கே தபால் ஏற்பாடு செய்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, பதினோரு வருஷத்தில் எனக்கு ஒரு கார்டு போட்டாயா நீ?" அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் சமையலறைக்குள் போய்த் தேநீர்ப் பாத்திரத்தைத் தேடினேன்.

நான்காம் நாள், புதன்

யுங்ஃப்ராவ்யோக் போய்வந்தோம். 3,454 மீட்டர் உயரத்தில், ஐரோப்பாவிலேயே மிக உயரமான ரயில் நிலையம் அங்கேதான் இருக்கிறது. முழுக் கட்டணம் ஒருவருக்கு 200 பிராங்குக்கும் மேல். அரைக் கட்டண அட்டை வாங்கிக்கொண்டதால் பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதியையும் வங்கிக்காரர் நூறால் பெருக்கியதை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு உச்சியிலிருக்கும் நேரலைக் கேமராவைப் பார்த்து வானம் தெளிவு என்று உறுதி செய்துகொண்டுதான் கிளம்பினோம். இண்டர்லாக்கன் வழியாகக் கிரிண்டல்வால்டு, அங்கிருந்து கம்பிவடப் பெட்டியில் ஐகர் மலையின் பனியாற்று ஓரம், பிறகு பல்சக்கர ரயிலில் மலையின் வயிற்றுக்குள் ஏழு கிலோமீட்டர் சுரங்கம். அடோல்ஃப் குயர்-செல்லர் என்ற சூரிச் தொழிலதிபர் 1896இல் தொடங்கிய வேலை இது. ஏழே ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டிருந்தார். 1899இல் அவர் இறந்துபோனார். பெரும்பாலும் இத்தாலியத் தொழிலாளர்கள் பாறையைக் குடைந்து குடைந்து 1912 ஆகஸ்டு 1 அன்றுதான் உச்சிக்கு ரயில் ஓடியது. இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, "கட்டிடக்காரர் சொல்கிற நாளை இரண்டால் பெருக்க வேண்டும் என்பது இங்கேயும் செல்லும்போல" என்றார் வாத்தியார்.

உச்சியில் இறங்கிப் பார்வை மேடைக்கு ஓடினோம். வெள்ளை. மலை இல்லை, பனியாறு இல்லை, கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. நாங்கள் சுரங்கத்துக்குள் இருந்த நேரத்தில் மேகம் ஏறிவிட்டிருந்தது. கீழே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அலெட்ச் பனியாற்றை, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிகப் பெரிய பனியாற்றை, சுவரில் மாட்டியிருந்த படத்தில்தான் அவர்களுக்குக் காட்ட முடிந்தது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் வங்கிக்காரருக்குத் தலைவலி வேறு. அவரை ஓரிடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மூன்று பேரின் பயணச்சீட்டுத் தொகையையும் நானே ஏமாற்றிவிட்டவன்போல் குமைந்துகொண்டிருந்தேன். "நேற்று வந்திருக்க வேண்டும்", "பத்து மணிக்குள் வந்திருக்க வேண்டும்" என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

திரும்பிப் பார்த்தால் மற்ற இருவரையும் காணவில்லை. வெளியே, கயிறு கட்டிய பனிவெளியில், 47 வயது அச்சகக்காரர் மல்லாந்து படுத்திருக்க, வாத்தியார் அவர்மேல் கை கையாகப் பனியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல்முறையாகப் பனியைத் தொடுகிறவர்களுக்கு அலெட்ச் எதற்கு? சற்று நேரத்தில் தலைவலிக்காரரும் எழுந்துபோய்ச் சேர்ந்துகொண்டார். திரும்பும் வழியில் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் 297 மீட்டர் உயரத்திலிருந்து தூளாகச் சிதறி விழும் ஸ்டவுப்பாக் அருவியைத் தெளிவான வெயிலில் பார்த்தோம். எனக்குத்தான் அது ஆறுதல் பரிசு. அவர்களுக்கு அது இன்னோர் அருவி, அவ்வளவே.

வீடு திரும்பியபின் பேச்சு விடுதிக் காலத்துக்குப் போய்விட்டது. மணி பதினொன்றரை வரை சிரித்தோம் என்பது மறுநாள் காலைதான் தெரிந்தது. அதை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள், வியாழன்

அஞ்சல் பெட்டியில் நான்காக மடித்த ஒரு தாள். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை அமைதி காக்க வேண்டும் என்ற குடியிருப்பு விதியை, கீழ்வீட்டு அம்மையார் மிகத் திருத்தமான கையெழுத்தில் நினைவூட்டியிருந்தார். ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. அதைப் படித்த எனக்கு முகம் எரிந்தது. படியேறி வந்து நண்பர்களிடம் நான் பேசிய தொனி, அந்தத் தாளில் இருந்ததைவிடப் பல மடங்கு கடுமையானது. இரவில் சத்தம் கூடாது என்று முதல் நாளே சொன்னேனா இல்லையா, மாடிப்படியில் செருப்பை விடக்கூடாது என்றேனா இல்லையா, என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

வாத்தியார் எழுந்துபோய் அந்த நாள்குறிப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதில் பயணக் குறிப்பு ஒரு வரியும் இல்லை. நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக, ஐந்து ஐந்தாகக் கட்டிய குறிகள். "ரயிலில் ஆரம்பித்தேன். நீ 'கூடாது' என்று சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. இன்று காலையில் சொன்னதோடு நாற்பத்தொன்று" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வகுப்பில் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் குரலில் சொன்னார். மற்ற இருவரும் மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனம் நான் ஐந்து நாள்களாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான், ஆனால் கிடைத்தபோது பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலேயே நான் சொல்லத் தொடங்கினேன். இந்த விதிகளை எனக்கு யாரும் ஓரிடத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பாட்டில்களைத் தெருவோரச் சேகரிப்புத் தொட்டியில் போடக்கூடாது என்பதை, நான் ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்று பார்த்த ஒரு முதியவரிடம் கற்றேன். கட்டணம் கட்டி வாங்கும் அதிகாரபூர்வப் பையில்தான் குப்பையைக் கட்ட வேண்டும் என்பதை, என் பை மட்டும் தெருவில் அனாதையாகக் கிடந்ததைப் பார்த்துக் கற்றேன். பிறர் முறையில் துணி துவைத்துவிட்டு, ஈரத் துணி முழுவதும் ஒரு கூடையில் போட்டு என் வாசலில் வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்த அன்று, வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். ஒவ்வொரு கூடாதுக்கும் இப்படி ஒரு நாள் இருக்கிறது. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் மலையையும் ஏரியையும் பற்றிச் சொன்னேனே தவிர, இவற்றில் ஒன்றைக்கூட இவர்களிடம் சொன்னதில்லை. முதல் இரண்டு குளிர்காலங்கள் எப்படிப் போயின என்பதையும் இன்றுதான் சொன்னேன்.

வங்கிக்காரர் மட்டும், "அந்த ஈரத் துணிக் கதையை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஊரில் எல்லோருமாகச் சிரித்திருப்போமே" என்றார். அதுதான் பயமாக இருந்தது என்று சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஆமாம், சிரித்துத்தான் இருப்போம்" என்று ஒப்புக்கொண்டார்.

மாலையில் வாத்தியாரும் நானும் கீழ்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அதற்கான ஜெர்மன் சொல்லை அவர் மத்தியானம் முழுவதும் உருப்போட்டு வைத்திருந்தார். அம்மையார் கேட்டுக்கொண்டார், தலையசைத்தார், பத்து மணி என்பதை இன்னொரு முறை நினைவூட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு நால்வரும் நிலவறைக்குத் துணி துவைக்கப் போனோம். அச்சகக்காரர் உலர்த்தும் எந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பஞ்சு படியும் வடிகட்டியை உருவி எடுத்து என்னிடம் நீட்டினார். அதைப் பயன்படுத்தியவர்தான் துடைத்து வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதியே இருக்கிறது. போன வியாழன் பயன்படுத்தியவன் நான். வாத்தியார் நாள்குறிப்பைத் தேடினார்.

ஆறாம் நாள், வெள்ளி

வெயில் 30 பாகையைத் தாண்டியதும் பெர்ன் மக்கள் ஆரே நதியில் இறங்கிவிடுவார்கள். வழக்குரைஞரும் மாணவரும் பாட்டிமாரும் உடைகளை ஒரு நீர்புகாப் பையில் கட்டிக்கொண்டு, கரையோரமாக மேல்நோக்கி நடந்துபோய்க் குதித்து, ஓட்டத்தோடு மிதந்து திரும்புவார்கள். நாடாளுமன்றத்துக்குப் பின்னாலிருந்து மார்ட்சிலி குளியல் துறைக்கு இறங்கும் 105 மீட்டர் நீளக் குட்டி மலைரயில் 1885இலிருந்து ஓடுகிறது. அந்தத் துறையில் நுழைவுக் கட்டணம் கிடையாது. இந்தப் பதினோரு கோடைகளிலும் நான் கரையில் துண்டை விரித்துப் புத்தகம் படித்திருக்கிறேன். நதி வேகமானது, தண்ணீர் தூன் ஏரியிலிருந்து வருவது, கோடையிலும் இருபது பாகையை ஒட்டித்தான் இருக்கும் என்பன என் காரணங்கள்.

கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்தி வளர்ந்த அச்சகக்காரரும் வாத்தியாரும் அரை மணி நேரம் கரையில் நின்று நீரோட்டத்தைப் பார்த்தார்கள். எங்கே சுழிக்கிறது, எங்கே ஆள்கள் கரையை நோக்கித் திரும்பத் தொடங்குகிறார்கள், சிவப்புக் கைப்பிடிக் கம்பிகள் எந்த இடைவெளியில் இருக்கின்றன என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசிக் கம்பிக்கு அப்பால் தடுப்பணை இருக்கிறது. அதற்குள் வெளியேறியே ஆக வேண்டும், அதில் விளையாட்டே கூடாது என்று நான் சொன்னபோது, "இது நல்ல கூடாது" என்று வாத்தியார் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. நீச்சல் தெரியாத வங்கிக்காரர் எல்லோருடைய கைக்கடிகாரங்களுக்கும் கண்ணாடிகளுக்கும் பொறுப்பேற்றார்.

எனக்கு நீந்தத் தெரியும் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். ஆகவே, தப்பிக்க வழியில்லை. குளிர் முதலில் மூச்சைப் பிடித்து நிறுத்தியது. ஓட்டம் காலை வாரியது. ஆனால் பத்து நொடிக்குப் பிறகு, நீந்தவே வேண்டாம், நதியே கொண்டுபோகிறது என்று தெரிந்தது. தலையை நீருக்குள் அமிழ்த்தினால் அடியில் கூழாங்கற்கள் உருளும் மெல்லிய சரசரப்புக் கேட்கிறது. இந்த ஊரில் இப்படி ஓர் ஓசை இருப்பதே எனக்குத் தெரியாது. பக்கத்தில் மிதந்து வந்த எழுபது வயதுப் பெண்மணி ஒருவர், நாங்கள் புதியவர்கள் என்று கண்டுகொண்டு, "இப்போது இடப்பக்கம், இப்போதே" என்று உரக்கக் கத்தினார். பதினோரு ஆண்டுகளில் பெர்ன் நகரில் ஒருவர் பொது இடத்தில் என்னை நோக்கிக் கத்தியது இதுவே முதல்முறை. மூவரும் கம்பியைப் பிடித்து ஏறினோம். மொத்தம் நான்கு முறை போனோம்.

ஏழாம் நாள், சனி

ஊருக்கு வாங்கிப்போகும் சாக்லேட் வேட்டை. டாப்லரோன் 1908இல் பிறந்தது இதே பெர்னில், அதுவும் என் லெங்காசே பகுதியில் இருந்த தொழிற்சாலையில் அதைப் பல பத்தாண்டுகள் செய்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் இப்போது பல்கலைக்கழகம் இயங்குகிறது. வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டோம். தயாரிப்பில் ஒரு பகுதி வெளிநாட்டுக்குப் போவதையொட்டி, 2023இல் உறையிலிருந்து மாட்டர்ஹார்ன் மலையின் படம் நீக்கப்பட்டுப் பொதுவான ஒரு மலை வரையப்பட்டது என்றதும், அச்சகக்காரர் உறையை வெளிச்சத்தில் பிடித்து மடிப்பு, வண்ணப் பொருத்தம், பசை ஒட்டிய விளிம்பு எல்லாவற்றையும் ஆராய்ந்துவிட்டு, "மலை எதுவானாலும் அச்சு நன்றாக இருக்கிறது" என்று சான்றளித்தார்.

மாலையில், 2014இல் திறக்கப்பட்ட மதங்களின் இல்லத்துக்குப் போனோம். ஒரே கட்டடத்துக்குள் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த மன்றமும் இருக்க, அவற்றோடு ஈழத் தமிழர்கள் கட்டிய சைவக் கோயிலும் இருக்கிறது. அங்கே வழிபாடு தமிழில் நடந்தது. அங்கு மட்டும் என் நண்பர்களின் குரல் யாருக்கும் உரக்கத் தெரியவில்லை.

இரவு ஒன்பதே முக்காலுக்கு அச்சகக்காரர் தானாகவே குரலைத் தாழ்த்தினார். அதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. நால்வரும் பாட்டில்களை எடுத்துக்கொண்டு நதிக்கரைக்குப் போய், அங்கே போதுமான அளவு சத்தமாகப் பேசிவிட்டுத் திரும்பினோம்.

எட்டாம் நாள், ஞாயிறு

சூரிச் விமான நிலையம் வரை கூடவே போய் வழியனுப்பினேன். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபடி வாத்தியார் நாள்குறிப்பைப் பிரித்து, இறுதிக் கணக்கு 47 என்று அறிவித்தார். தேர்ச்சியா தோல்வியா என்று கேட்டேன். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

திரும்பும் ரயிலில் நான்கு இருக்கைகளில் நான் ஒருவனே உட்கார்ந்திருந்தேன். வழியில் பெர்ன் நிலையத்தில் ஓர் அஞ்சலட்டை வாங்கினேன், நிலையத்துக் கடைகள் ஞாயிறன்றும் திறந்திருக்கும். மணிக்கூண்டின் படம் போட்ட அட்டை. "அவ்வளவுதான்" என்று ஒரே சொல் எழுதி அச்சகக்காரரின் முகவரிக்குப் பெட்டியில் போட்டேன். அவர் ஊர் போய்ச் சேர்ந்து சில நாள்கள் கழித்துத்தான் அது கிடைக்கும்.

வீட்டில் மூன்று படுக்கை விரிப்புகளை மடித்துக் கூடையில் வைத்திருக்கிறேன்; ஒன்றில் செர்ரிக் கறை. துவைக்க வியாழக்கிழமை வர வேண்டும். நேற்று இரவு நதிக்கரையிலிருந்து கொண்டுவந்த காலி பாட்டில்கள் வாசலருகே வரிசையாக நிற்கின்றன. இன்று ஞாயிறு.